கீழாநெல்லியும் 26 கோடியும்

அந்தப் பையனின் கெண்டைக்காலைப் பார்த்து அவனுடைய அப்பத்தாவுக்கு அப்படி ஒரு பெருமை. "எம் பேரன் காலைப் பாருங்க, பயில்வான் காலு" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் காட்டுவாராம். மூன்று வயதில் உருண்டு திரண்ட கெண்டைக்கால். கண் பட்டுவிடக் கூடாது என்று கறுப்புக் கயிறு வேறு.

ஆனால் அந்தப் பயில்வான் ஒன்றரை வயது தாண்டித்தான் நடக்கவே ஆரம்பித்தான். மற்ற பிள்ளைகள் மாதிரி ஓட வரவில்லை. படி ஏற இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. குப்புறத் திரும்புவான், கையை ஊன்றுவான், முழங்காலைப் பிடிப்பான், தொடையைப் பிடிப்பான். தன் உடம்பையே ஏணியாக்கி, தன் மேலேயே ஏறி நிமிர்வான். "சோம்பேறிப் பய. அப்பன் மாதிரியே" என்று வீட்டில் சிரித்தார்கள்.

மூன்றரை வயதில் ஒரு காய்ச்சல். ரத்தம் எடுத்தார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் எகிறிக் கிடந்தன. "லிவர்ல கோளாறு. மஞ்சக் காமாலையா இருக்கும்" என்றார் மருத்துவர். (பெயர் வேண்டாம். அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை.) பையனின் கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரில் மஞ்சள் இல்லை, பிலிருபின் சரியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. மாத்திரை, டானிக், பத்தியம். போதாததற்குக் கீழாநெல்லி. வெறும் வயிற்றில், மோரில் கரைத்து, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம். அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் குடித்ததாம்.

அவனுக்கு 5 வயதானபோது தம்பி பிறந்தான். 7 வயதில்தான் ஒரு எலும்பு மருத்துவர், பையன் அறைக்குள் நடந்து வந்த நடையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சி.பி.கே. எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுத்தார்கள். சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது 14,000-க்கு மேல். டுஷேன் தசைச்சிதைவு நோய். பிறகு தம்பிக்கும் எடுத்தார்கள். அவனுக்கும் அதே.

இதை என்னிடம் சொன்ன அப்பா, மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் டூவீலர் மெக்கானிக். கடைசியாக அவர் கேட்டார்: "முத வருஷமே அந்த டெஸ்டை எடுத்திருந்தா ரெண்டாவது பையன் விஷயத்துல நாங்க யோசிச்சிருப்போம்ல சார்? யோசிக்கவாவது எங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைச்சிருக்கும்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் கணக்கில் ஒரு பதிவைத் தப்பான தலைப்பில் போட்டால் வருஷக் கடைசியில் எது எதெல்லாம் இடிக்கும் என்று தெரியும். இங்கே நடந்தது அதுதான். தசைக் கணக்கில் எழுத வேண்டியதைக் கல்லீரல் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்கிற இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருப்பவை. தசை சிதைந்தாலும் அவை ரத்தத்தில் கசியும். கல்லீரல்தான் காரணமா என்று தெரிய காமா ஜி.டி. என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. தசை நோயில் அது ஏறாது. தசைதான் காரணமா என்று தெரிய சி.பி.கே. இந்த சி.பி.கே.வுக்குத் தனியார் லேபிலேயே சில நூறு ரூபாய்தான். டுஷேன் உள்ள குழந்தைக்கு இது பிறந்த நாளிலிருந்தே பல மடங்கு உயர்ந்திருக்கும். அதாவது ஏழு வருஷமும் விடை அந்தப் பையனின் ரத்தத்திலேயே இருந்தது. கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

இது என்னவோ நேற்றுக் கண்டுபிடித்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1850-களிலேயே எட்வர்ட் மெரியன் என்ற ஆங்கில மருத்துவர், ஒரே குடும்பத்து ஆண் பிள்ளைகளுக்கு இது வருவதைக் கவனித்து எழுதினார். 1860-களில் பாரிஸில் டுஷேன் விரிவாக எழுதியதால் பெயர் அவருக்குப் போய்விட்டது. அந்தப் பையன் தன் தொடையைப் பிடித்து ஏறி நிமிர்ந்தானே, அதை 1879-இல் வில்லியம் கவர்ஸ் விவரித்தார். இன்றைக்கும் 'கவர்ஸ் அடையாளம்' என்று எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இருப்பது, எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஏன் தெரியவில்லை? ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் என்று டோக்கன் ஓடும் இடத்தில், குழந்தையைத் தரையில் உட்காரவைத்து "எழுந்திரு கண்ணா" என்று சொல்லிப் பார்க்க யாருக்கு நேரம்? பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

சரி, தசைக்கு என்னதான் ஆகிறது?

தலையில் மூட்டை தூக்குகிறவர் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வார் இல்லையா? அப்படி, நம் தசைச் செல்லின் சுவருக்கு ஒரு சும்மாடு இருக்கிறது. டிஸ்ட்ரோஃபின் என்று ஒரு புரதம். தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு தடவையும் அதன் சுவர் கிழிந்துபோகாமல் அது தாங்குகிறது. இந்தக் குழந்தைகளுக்குச் சும்மாடு இல்லை. நடந்தாலே தசைநார் கிழியும். ஆரம்பத்தில் உடம்பு ஒட்டுப் போட்டுப் பார்க்கும். ஒரு கட்டத்தில் முடியாமல், தசை இருந்த இடத்தைக் கொழுப்பையும் நாரையும் வைத்து நிரப்பிவிடும். அப்பத்தா பெருமைப்பட்ட கெண்டைக்கால் பெரும்பாலும் அதுதான்.

இந்தப் புரதத்தைச் செய்யும் ஜீன், மனித ஜீன்களிலேயே பெரியது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 79 துண்டுகள். இவ்வளவு பெரிய பேரேட்டில் பிழை வர இடமும் அதிகம். பேரேட்டில் சில வரிகள் காணாமல் போனாலும் மீதி ஒழுங்காக வாசிக்க முடிந்தால், குட்டையான சும்மாடாவது கிடைக்கும். அது பெக்கர் வகை, கொஞ்சம் சாது. ஆனால் வரிகள் போன இடத்திலிருந்து எல்லா எண்களும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துவிட்டால்? ரூபாய்க் கட்டத்தில் பைசா, பைசாக் கட்டத்தில் தேதி. அதற்கப்புறம் முழுப் பேரேடும் குப்பை. அதுதான் டுஷேன்.

ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது பழுதென்றால் மாற்று கிடையாது. பெண்களுக்கு இரண்டு என்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறார்கள். பிறக்கும் ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அரிய நோய்தான். ஆனால் நம் ஊர்ப் பிரசவக் கணக்கில் அரிதும் ஆயிரக்கணக்கில் வரும்.

இந்த எக்ஸ் சமாசாரம் அரைகுறையாகக் காதில் விழுந்ததும் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் அவ கொண்டு வந்தது." சொன்னது கெண்டைக்காலைப் பார்த்துப் பூரித்த அதே அப்பத்தா. பையனைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி இடுப்பு ஒடிந்த அந்த அம்மாவுக்கு, செய்யாத குற்றத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஆயுள் தண்டனை. இரண்டாவது கல்யாணம் என்ற பேச்சுகூட எழுந்ததாம். மெக்கானிக் நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டார்.

மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இந்தப் பிழை புதிதாக உண்டாகிறது. அம்மாவிடமும் இருக்காது, பாட்டியிடமும் இருக்காது. மீதிப் பேருக்கு அம்மா வழியாக வருகிறது என்றாலும், அந்த எக்ஸை அவள் கடையில் போய்ப் பொறுக்கி எடுத்து வந்தாளா? அவளுக்கும் அது பிறப்பில் வந்ததுதானே?

இன்னொரு கோஷ்டி, "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று ஆரம்பிக்கும். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற தசை நோய்கள் உண்டு. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வகைகளில் பல, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் வரும். அவை பெண் பிள்ளைகளையும் விடாது. ஆனால் டுஷேனுக்கும் மாமன் மகளுக்கும் சம்பந்தமே இல்லை. அசலில் கட்டினாலும் வரும், அமெரிக்காவில் கட்டினாலும் வரும். தசைச்சிதைவு என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்கள் அடங்கிய கூட்டத்தின் பெயர். எது என்று ஜீன் பரிசோதனையில் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அருகதை இல்லை.

இதில் எனக்கு ஆத்திரமான விஷயம் ஒன்று. பழுதான ஜீனைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். அதனால் அவர்களும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள மருத்துவ அறிவுரை. அந்த அம்மாவைக் கேட்டேன். பத்து வருஷத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரி வாசல் ஏறியிருக்கிறார். ஒருவர்கூட அவருக்கு ஒரு எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. பழி போட மட்டும் அவர் வேண்டும். பரிசோதனை செய்ய வேண்டாம்.

அடுத்த பிராது எங்கள் தொழில் மேல்.

2021 வாக்கில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் '16 கோடி ரூபாய் ஊசி' என்று தலைப்புப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே உண்டியல் ஏந்தியது. அது ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி என்ற வேறு நோய்க்கான மருந்து. அங்கே பழுது தசையை இயக்கும் நரம்புச் செல்லில். டுஷேன் பெற்றோர்கள் அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்ல எங்களுக்கு இடம் இருந்தது. கோடிக்குத்தான் தலைப்பு, விளக்கத்துக்கு இல்லை.

டுஷேனுக்கும் கோடி வந்தது. 2016-இல் அமெரிக்காவில் எட்டெப்லிர்சென் என்ற மருந்தை அனுமதித்தார்கள். 12 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வை முக்கியமாக வைத்து, நிபுணர் குழுவின் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக. சுமார் 13 சதவீதப் பேருக்கு மட்டுமே பொருந்தும் மருந்து. வருஷத்துக்கு 3 லட்சம் டாலர். 2023-இல் எலிவிடிஸ் என்ற ஜீன் சிகிச்சை. ஒரே தடவை, 32 லட்சம் டாலர். அன்றைய கணக்குக்கு 26 கோடி ரூபாய். அதே 2023-இல் வந்த பெரிய ஆய்வில், முதன்மை இலக்காக வைத்த முன்னேற்றத்தை அது எட்டவில்லை. அப்படியும் 2024-இல் அனுமதியை விரித்தார்கள். 2025-இல், நடக்க முடியாத நிலையில் இருந்த 2 பதின்வயதுப் பையன்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் கடும் எச்சரிக்கை, நடக்க முடிகிறவர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு எல்லாம்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு ஒன்று நிச்சயம் வரட்டும். ஆனால் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை என்பதை, 26 கோடி என்ற எண்ணுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது. அந்த எண் ஒரு தகப்பனை என்ன செய்கிறது தெரியுமா? "காசு இல்லாததாலதான் எம் புள்ள சாகப் போறான்" என்று நினைக்க வைக்கிறது. அப்படி நினைக்கிறவனிடம்தான் ஸ்டெம்செல் வியாபாரி வருகிறான். நம் மெக்கானிக்கிடமும் வந்தார்கள். ஏசி ரூம், கோட்டு, ஸ்லைடு ஷோ. மூன்று தவணை ஊசி. இருந்த 40 சென்ட் நிலம் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல், ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல் கொடுப்பது முறையல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது ஆய்வு இல்லை, வியாபாரம். இதைப் பெரிய எழுத்தில் எந்தப் பத்திரிகை போட்டது?

கோடிக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், தினம் சில ரூபாய்ச் செலவு. முறையாகக் கொடுத்தால் தசை பலம் கூடுகிறது என்று 1989-லேயே ஆய்வு வெளியானது. பையன் இன்னும் இரண்டு மூன்று வருஷம் தன் காலில் நடப்பான். "ஸ்டீராய்டா, ஐயையோ" என்று அலறும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் உண்டு. பக்கவிளைவு இருக்கிறது. உடம்பு ஊதும், எலும்பு தேயும், உயரம் குறையும். அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பு. நீங்களாக ஆரம்பிக்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அப்புறம் தினமும் குதிகால் நரம்பை இழுத்துவிடும் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு எக்கோ, இரவில் மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி. அறுவை சிகிச்சை ஏதாவது என்றால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதல் வார்த்தையாக இந்த நோயைச் சொல்ல வேண்டும். சில மயக்க மருந்துகள் இந்தக் குழந்தைகளின் இதயத்தையே நிறுத்திவிடும்.

முன்பெல்லாம் இருபது வயதைத் தாண்டுவது அபூர்வம். டென்மார்க்கில் வீட்டிலேயே வென்டிலேட்டர், கூடவே ஒரு உதவியாளர் என்று ஏற்பாடு செய்து முப்பது, நாற்பது வயதுவரை வாழ வைத்திருக்கிறார்கள். அது 26 கோடி ஊசியால் வந்த ஆயுசு இல்லை.

நம் அரசு என்ன செய்தது? 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. டுஷேனை மூன்றாவது குழுவில் வைத்தார்கள். செலவு மிக அதிகம், பலன் இன்னும் நிச்சயமில்லை என்பவற்றுக்கான வரிசை அது. 2022-இல், எந்தக் குழுவானாலும் ஒருவருக்கு 50 லட்சம் வரை என்று உதவியை உயர்த்தினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வருஷத்துக்குக் கோடிகளில் ஓடும் மருந்துக்கு 50 லட்சம் எத்தனை மாதம் வரும்? என் சண்டை அதுகூட இல்லை. ஒரு ஊசியின் ஓரத்துக்குக்கூடப் போதாத இந்தப் பணத்தில், எத்தனை தாலுகா ஆஸ்பத்திரியில் சி.பி.கே. எடுக்கலாம்? ஒன்றரை வயதில் நடக்காத, கல்லீரல் நொதி காரணமில்லாமல் எகிறியிருக்கும் எல்லா ஆண் குழந்தைகளுக்கும் சி.பி.கே. கட்டாயம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கைக்கு என்ன செலவு?

அடுத்த குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம் என்கிற 1994-ஆம் வருஷச் சட்டமே, பாலினத்தோடு பிணைந்த பரம்பரை நோய்களுக்குக் கருவில் பரிசோதனை செய்ய அனுமதி தருகிறது. செய்வதா வேண்டாமா, தெரிந்த பின் என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியின் முடிவு. எனக்கும் உங்களுக்கும் அதில் ஓட்டு இல்லை. தம்பிப் பையனை அவன் அம்மா உயிராய் நேசிக்கிறார், அதிலும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் யோசிக்கவே விடாமல், கீழாநெல்லியைக் கையில் கொடுத்து அனுப்பினோமே, அதற்கு யார் பொறுப்பு?

2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. தமிழக அரசு பராமரிப்பு உதவித்தொகையை 2023-லிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆக்கியது. நல்லது. ஆனால் மூத்தவனுக்கு 8 வயதில் சான்றிதழ் கேட்டுப் போனபோது, "நடக்கிறானே" என்று 40 சதவீதத்துக்குக் கீழே போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நடக்க முடியாமல் போனதும் வாருங்கள் என்று அர்த்தம். வந்தார்கள். 11 வயதில், தூக்கிக்கொண்டு.

சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள். இருவருக்குமே தசைச்சிதைவு. தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2017-இல் மாதேவி காலமானார். எழுந்து நிற்க முடியாதவர்கள் மற்றவர்களுக்காக இவ்வளவு செய்ய வேண்டியிருந்தது. நிற்க முடிகிற நாம்?

ஒரே ஒருவரைப் பாராட்ட வேண்டும். பையன் ஏழாம் வகுப்புக்குப் போனபோது வகுப்பறை மாடியில். அவன் படிப்பு அதோடு சரி என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். தலைமையாசிரியர் வந்து பார்த்தார். மறுநாள் ஏழாம் வகுப்பு கீழே, ஆபீஸ் ரூம் மாடியில். கழிவறை வாசலில் இருந்த ஒற்றைப் படியைக் கொத்தனாரை வைத்துச் சரிவாக்கினார். மொத்தச் செலவு அரை மூட்டை சிமென்ட், அரை நாள் கூலி. அரசாணைக்காக அவர் காத்திருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் வேறொரு சண்டை ஓடுகிறது. பையன்களின் அம்மாவுக்கு ஒரு தங்கை, 23 வயது, வரன் பார்க்கிறார்கள். அக்காவுக்கு ஜீன் பரிசோதனை முடிந்து, பிழை அவரிடமும் இருப்பது தெரிந்துவிட்டது. தங்கைக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "டெஸ்ட் கிஸ்ட்னு கிளம்பினா கல்யாணமே நின்னுரும்" என்கிறது ஒரு கட்சி. அந்தப் பெண் யாரிடமும் கேட்கவில்லை. அக்காவை எக்கோ எடுக்கக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போன இடத்தில், தானும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகுமாம்.